விசிறி நுனியிலிருந்து வால் வரை

1893-இல் நிஜாம் ராஜ்யத்து ரயில்வேக்காக நிறுவப்பட்ட லாலாகூடா பணிமனையில் ஃபிட்டராக இருந்த என் தகப்பனார், வாரத்தில் ஆறு நாட்களும் தண்டவாளத்தை விட்டு ஒரு நூலிழைகூட விலகக்கூடாத சக்கரங்களோடு பழகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தரையோடு சம்பந்தமே இல்லாத ஒரு காட்சியைப் பார்ப்பதற்காக, என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு பேகம்பேட் விமான நிலையத்து வேலி ஓரத்துக்குப் போவது வழக்கம். டெக்கான் ஏர்வேஸ் என்ற பெயர் 1953-ஆம் வருஷத்துத் தேசியமயத்தோடு மறைந்து பத்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தபோதிலும், அதன் டகோட்டா விமானங்களைப் பற்றி வேலியோரத்தில் கூடும் பெரியவர்கள் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கோ அங்கே பயிற்சிக்காகப் பறந்த புஷ்பக் விமானமே பிரியமானது. பெங்களூரில் ஹிந்துஸ்தான் தொழிற்சாலை தயாரித்தது. 1958-இல் முதன்முதலாகப் பறந்தது. துணி போர்த்திய உடலும், இருவர் உட்காரும் அறையும், தலைக்கு மேலே இறக்கையும், 90 குதிரைசக்தி என்ஜினும் கொண்டது.

ஒரு நாள் அது ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது அப்பா என் தோளைத் தொட்டு, “வாலில் இருக்கிற சுக்கானைப் பாருடா, கிளம்பும்போதெல்லாம் வலப்பக்கமே திரும்பியிருக்கிறது. நேராகப் போவதற்கு ஏன் திருப்பிப் பிடிக்க வேண்டும்?” என்று கேட்டார். அவருக்கும் அதற்கு விடை தெரியாது. அந்தக் கேள்வியே என்னை ஒரு தொழிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதும் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

பிற்காலத்தில் நான் என்.சி.சி.யின் விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் கட்டவும் பறக்கவிடவும் கற்றுக்கொடுப்பவனாக முப்பது வருஷங்களுக்குக் குறையாமல் ஜீவனம் நடத்தினேன். கையால் வீசும் பால்சாக் கட்டைக் கிளைடர், முறுக்கிய ரப்பரால் ஓடுவது, கம்பியில் பிடித்துச் சுற்றும் கண்ட்ரோல் லைன், ரேடியோவால் நடத்துவது என்று படிப்படியாக அவர்களை ஏற்றிவிட வேண்டும். வாயு சைனிக் முகாமின் போட்டிகளுக்கு அவர்களைத் தயார் செய்ய வேண்டும். கல்கத்தாவில் செய்த அரோரா என்ஜின்கள் எங்கள் பெட்டியில் இருந்தன. பின்னால் ஜப்பானிய ஓ.எஸ். என்ஜின்களும் வந்தன. மெத்தனால் நாலு பங்குக்கு விளக்கெண்ணெய் ஒரு பங்கு சேர்த்து நாங்களே கலந்துகொண்ட எரிபொருளின் புகைக்கு ஓர் இனிய கமறல் உண்டு. நல்கொண்டா, மகபூப்நகர் ஜில்லாக்களின் ஆமணக்குக் காடுகளைப் பஸ்ஸில் கடந்து போகும்போதெல்லாம், செடியைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்கு அந்தப் புகையின் வாசனை வந்துவிடும்.

மாதிரி விமானத்தின் மூக்கில் என்ஜினைப் பொருத்துவதைப் பற்றி அறியாதவர்கள், அது உடலின் நடுக்கோட்டுக்கு நேராக, அம்பின் முனைபோல முன்னோக்கி இருக்க வேண்டும் என்றே எண்ணுவார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர்களும் அவ்வாறே எண்ணி, நான் கொடுத்த படத்தில் என்ஜின் சற்று வலப்பக்கமும் சற்றுக் கீழ்நோக்கியும் சாய்ந்திருப்பதை அச்சுப்பிழை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியதுண்டு. அது பிழையன்று. விமானத்தின் பின்னால் நின்று பார்த்தால், விசிறி கடிகார முள்ளைப் போல வலமாகச் சுற்றுகிறது. சுற்றும் விசிறிக்கு எதிர்விளைவாக உடல் இடப்பக்கம் உருள முயல்கிறது. விசிறி பின்னுக்குத் தள்ளும் காற்று நேராகப் போகாமல் உடலைச் சுற்றிப் புரியாக முறுக்கிக்கொண்டு போய், வாலில் நிமிர்ந்து நிற்கும் தகட்டின் இடப்பக்கத்தில் மோதி, வாலை வலத்துக்கும் அதன் பயனாக மூக்கை இடத்துக்கும் தள்ளுகிறது. விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போதோ, வலப்பக்கத்தில் கீழிறங்கும் இதழ் காற்றை அதிகமாகக் கவ்வுவதால், மறுபடியும் மூக்கு இடப்பக்கமே போகிறது. மூன்று காரணங்கள், மூன்றும் ஒரே திசையில். வேகம் குறைந்து, விசை நிறைந்து, மூக்கு உயர்ந்திருக்கும் நிலையில், அதாவது தரையை விட்டுக் கிளம்பும் அந்தச் சில விநாடிகளில், மூன்றும் உச்சத்தில் நிற்கின்றன. பேகம்பேட் வேலியோரத்தில் அப்பா கேட்ட கேள்விக்கு விடை இதுதான் என்று நான் கண்டுகொண்டபோது, அதைச் சொல்ல அவர் இல்லை.

பெரிய விமானங்களைக் கட்டியவர்களும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்த இத்தாலிய மாக்கி சி.202 போர்விமானத்துக்கு, இந்த உருளலை ஈடுகட்டுவதற்காகவே, இடது இறக்கையை வலதைக் காட்டிலும் 20 சென்டிமீட்டர் நீளமாக வைத்தார்கள். மாதிரி விமானத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. என்ஜினை இரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்பினால் போதும். இதற்கு எங்கள் பாஷையில் ரைட் த்ரஸ்ட் என்று பெயர். உயர்ந்த இறக்கை கொண்ட பயிற்சி விமானத்தில் விசை கூடும்போது மூக்கு மேலே எழும்பப் பார்க்குமாகையால், அதற்காக இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கிச் சாய்ப்பது டவுன் த்ரஸ்ட். கண்ட்ரோல் லைன் விமானத்திலும் என்ஜினை வலப்பக்கம் திருப்புகிறோம். ஆனால் அங்கே காரணம் வேறு. இடமாகச் சுற்றிவரும் அந்த விமானத்தின் இடது இறக்கையிலிருந்து கம்பிகள் பறப்பவன் கைக்கு வருகின்றன. மூக்கு சற்று வெளிப்புறம் பார்த்திருந்தால்தான் கம்பி தொய்யாமல் இருக்கும். கம்பி தொய்ந்த கணத்தில் விமானம் நமக்குச் சொந்தமில்லை.

இவ்வளவையும் நன்றாக அறிந்திருந்தும் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் இறுதியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தெலுங்குப் பையன், மூன்று மாதம் இரவில் கண்விழித்து, ஐந்து அடி இறக்கையுள்ள ஒரு ரேடியோ பயிற்சி விமானத்தைக் கட்டிமுடித்தான். விலா எலும்புகள் ஒவ்வொன்றையும் தேய்த்து நிறுத்துப் பார்த்திருந்தான். இவ்வளவு சிரத்தையுள்ள கை அதற்குப் பின் எனக்கு அதிகம் அகப்படவில்லை. என்ஜின் மவுண்டுக்கும் ஃபயர்வால் பலகைக்கும் இடையே வாஷர் வைத்து ரைட் த்ரஸ்ட் கொடுத்திருப்பதாகச் சொன்னான். நான் எதிரே நின்று பார்த்தேன். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. “சரி, பாபு” என்றேன். இப்ராகிம்பட்டணம் பக்கத்துப் பொட்டல் ஒன்றில், மார்கழி மாதத்துக் காலையில், காற்று அசையாத வேளையில், விமானம் ஓட ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்ததுமே இடப்பக்கம் இழுத்தது. அவன் வலது சுக்கான் கொடுத்து அதை ஒருவாறு நிமிர்த்திக் கிளப்பினான். இருபதடி உயரம் போயிருக்கும். மூக்கு உயர்ந்து வேகம் தளர்ந்த இடத்தில், சுக்கான் முழுவதும் வலத்தே இருந்தும், மூக்கு இடப்பக்கம் சரிந்தது, இடது இறக்கை தாழ்ந்தது, அப்படியே தரையில் வந்து விழுந்தது. இறக்கை இரண்டு துண்டாயிற்று. உடலும் மூக்கும் உடையாமல் தப்பின.

பையன் ஒன்றும் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கினான். இறக்கை முறுக்கேறியிருந்திருக்கும் என்று உடன் வந்தவர்களில் ஒருவரும், ரேடியோவின் கோளாறு என்று இன்னொருவரும் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்துவந்து மேஜைமேல் வைத்து அளந்து பார்த்தபிறகுதான் விஷயம் விளங்கியது. விமானத்தின் வலப்பக்கம் என்பது அதில் உட்கார்ந்திருப்பவனின் வலப்பக்கம். பையன் வாஷர் வைத்தபோது மூக்குக்கு எதிரே முகம் வைத்து நின்றிருக்கிறான். தன் கைக்கு வலப்பக்கமாகச் சாய்த்திருக்கிறான். இரண்டு டிகிரி ரைட் த்ரஸ்டுக்குப் பதிலாக இரண்டு டிகிரி லெஃப்ட் த்ரஸ்ட். இயற்கையே இடப்பக்கம் இழுக்கும் ஒன்றை நாமும் அதே பக்கம் இழுத்திருக்கிறோம். நானும் அதே எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தே சரி என்றேன். அவன் பதினேழு வயதுப் பிள்ளை, அளக்கவேண்டியவன் நான். அளக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்றிலிருந்து, என் கையைத் தாண்டிப் பறக்கப்போன விமானம் எதையும் நான் அளக்காமல் விட்டதில்லை. அளக்கும் முறையை விவரமாகவே சொல்லிவிடுகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இறக்கையைப் பூட்டிய நிலையில் விமானத்தை மேஜைமேல் வைத்து, வாலின் நடுக்கோட்டில், கிடைவாலுக்கு மேலே, ஒரு குண்டூசியை நிறுத்த வேண்டும். பழைய கண்ட்ரோல் லைனில் மிஞ்சிய பின்னல் எஃகுக் கம்பியில் ஒரு வளையம் போட்டு அந்த ஊசியில் மாட்டுகிறேன். தையல் நூல் இழுத்தால் நீளும், எஃகு நீளாது. முதலில் அந்தக் கம்பியால் இரண்டு இறக்கை நுனிகளுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து, இரண்டும் சமமாயிருக்கும்படி இறக்கையைச் சரிசெய்கிறேன். உடலே வாழைப்பழம்போல வளைந்திருந்தால் அதற்கு மேல் எடுக்கும் அளவெல்லாம் பொய்யாகும் என்பதால், வால் ஊசியிலிருந்து மூக்குப் பலகையின் நடுப்புள்ளிக்குக் கம்பியைப் பிடித்து, அது நடுவழியில் உடலின் நடுக்கோட்டை விட்டு விலகுகிறதா என்பதையும் பார்த்துவிடுகிறேன். பிறகு இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு மூக்குக்கு வருகிறேன். க்ளோ பிளக்கைக் கழற்றிவிட்டால் சிலிண்டரின் அழுத்தம் போய், விசிறி நாம் வைத்த இடத்தில் நிற்கும். விசிறியை மேஜைக்குச் சமமாகக் கிடையாகத் திருப்பி, ஓர் இதழின் நுனியில் மை வைத்து, அந்த நுனியை வலப்பக்கம் கொண்டுவந்து வாலூசியிலிருந்து தூரத்தைக் கம்பியில் குறிக்கிறேன். அதன்பின் விசிறியை அரைச் சுற்றுத் திருப்பி, அதே நுனியை இடப்பக்கம் கொண்டுவந்து மறுபடி குறிக்கிறேன்.

அதே நுனி என்பதில்தான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. வலப்பக்கம் ஒரு நுனியையும் இடப்பக்கம் மற்ற நுனியையும் அளந்தால், விசிறியின் இதழ்கள் இரண்டும் ஒரே தளத்தில் இல்லாத குறையையும் என்ஜினின் சாய்வையும் பிரித்தறிய முடியாது. மரவிசிறிகளில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம். இதை நான் எந்தப் புஸ்தகத்திலிருந்தும் கற்கவில்லை. மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தும்போது, அளவுமுள்ளை ஓரிடத்தில் பொருத்தித் தண்டை முழுவதும் சுற்றிப் பார்க்க வேண்டுமே தவிர, தண்டை நிறுத்திவைத்துவிட்டு முள்ளை இடம் மாற்றக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் இரும்புத் தண்டுக்குச் சொன்னது பத்து அங்குல மரவிசிறிக்கும் பொருந்துகிறது. இன்னொன்றையும் அவரே சொல்வார்: தண்டு முன்னும் பின்னும் கொஞ்சம் நகருமானால், இரண்டு அளவிலும் அதை ஒரே பக்கமாகத் தள்ளிவைத்துக்கொள்ள வேண்டும். என்ஜின் தண்டும் நகரும். ஆகையால் இரண்டு முறையும் விசிறியை முன்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

என்ஜின் வலப்பக்கம் பார்த்தால் வல நுனி பின்வாங்கும், இட நுனி முன்செல்லும். எனவே இடப்பக்கத் தூரம் அதிகமாயிருக்க வேண்டும். பத்து அங்குல விசிறி என்றால் 254 மில்லிமீட்டர்; ஒரு டிகிரிக்கு நாலரை மில்லிமீட்டர்போல வரும்; இரண்டு டிகிரிக்கு 9. எந்தக் கண்ணாலும் ஒரு டிகிரியைக் காண முடியாது. ஆனால் நாலரை மில்லிமீட்டரைப் பள்ளிக்கூடத்து ஸ்கேலில்கூடப் படிக்கலாம். இந்த முறையின் அழகு இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். என்ஜினைத் திருப்பும்போது விசிறியின் நடுப்புள்ளியும் உடலின் நடுக்கோட்டை விட்டு வலத்தே நகர்ந்துவிடும். அப்படி மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், மூன்றடி நீள உடலில் இந்த 9 எட்டாகக் குறைந்து காட்டும். ஆகையால் மவுண்டைச் சற்று இடப்பக்கம் தள்ளிப் பொருத்தி, விசிறியின் மையம் நடுக்கோட்டில் வந்து நிற்கும்படி செய்வதே உத்தமம்; பார்வைக்கும் அதுவே லட்சணம்.

டவுன் த்ரஸ்டுக்கு வேறு வழி. கிடைவாலின்மேல் ரசமட்டத்தை வைத்து, அது சமமாகும்வரை உடலுக்கு அடியில் அட்டைகளைச் சொருகி, விசிறிக்கு முன்னால் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறேன். விசிறியைச் செங்குத்தாக நிறுத்தி, மை வைத்த நுனியை மேலேயும் பிறகு கீழேயும் கொண்டுவந்து, நூலுக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறேன். கீழ்நோக்கிச் சாய்ந்த என்ஜினில் மேல்நுனி நூலுக்கு அருகில் இருக்கும். மூன்று டிகிரி என்றால் 13 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

அளப்பதோடு வேலை முடிவதில்லை; விமானத்தைப் பறக்கவிட்டும் பார்க்க வேண்டும். பாதி விசையில் சமமாகப் பறக்கும்படி அமைத்துக்கொண்டு, பிறகு விசையை முழுவதும் திறந்தால், நல்ல பயிற்சி விமானம் அவசரமின்றி மெல்ல ஏறும். மூக்கை வெடுக்கென்று தூக்கினால் டவுன் த்ரஸ்ட் போதவில்லை; மூக்கைத் தாழ்த்தினால் அதிகமாகிவிட்டது. பக்கச்சாய்வை அறிய, விமானத்தை நம்மை விட்டு நேரே விலகிப் போகவிட்டு, இறக்கை சமமாயிருக்கும் நிலையில் முழு விசையோடு செங்குத்தாக ஏற்றி, மூக்கு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கிறேன். ஆனால் என்ஜினை நிறுத்திச் சறுக்கவிடும்போதும் அதே குற்றம் தெரிந்தால், அந்தக் குற்றம் என்ஜினுடையதன்று. ஓடாத என்ஜின் எந்தப் பக்கம் பார்த்திருந்தால் என்ன? அப்போது சமநிலைப் புள்ளியையும் இறக்கையின் முறுக்கையும் சுக்கானின் கீலையும் போய்ப் பார்க்க வேண்டும். இதை உணராமல், இடறலுக்கெல்லாம் வாஷரை மாற்றி மாற்றி, ஒரு குற்றத்தை இன்னொரு குற்றத்தால் மூடிவிட்டவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். த்ரஸ்ட் கோணம் முதலில் அளக்கவேண்டியது, கடைசியில் மாற்றவேண்டியது என்பதை மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொல்லிவந்தேன். மாற்றும்போதும் நிதானம் வேண்டும். மவுண்டின் போல்ட்டுகள் 40 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரே ஒரு மில்லிமீட்டர் வாஷர் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரியாகிவிடும். அரை மில்லிமீட்டருக்குத் தகரத்தை வெட்டிக்கொள்வது நல்லது.

இப்போது காலம் மாறிவிட்டது. பேகம்பேட்டிலிருந்து பிரயாணிகள் விமானங்கள் 2008-இல் ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்டன. 2021-இன் ட்ரோன் விதிகள் வந்தபிறகு, மாதிரி விமானத்தை எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டே வெளியே கிளம்ப வேண்டியிருக்கிறது. விளக்கெண்ணெய்ப் புகையும் அருகிப்போயிற்று. நுரைப்பலகையில் வெட்டிய உடலும் மின்சார மோட்டாரும்தான் எங்கும். ஆனால் விசிறி வலமாகத்தான் சுற்றுகிறது. மூக்கு இடப்பக்கம்தான் போகிறது.

சென்ற வருஷம் மல்காஜ்கிரியிலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி தன் விமானத்தை என்னிடம் கொண்டுவந்தாள். முதலில் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். மின்மோட்டார் முன்னறிவிப்பில்லாமல் சுற்றி விரலை வெட்டிவிடும். பிறகு என் கம்பியை எடுக்கப்போனேன். அவள், “மாஸ்டர், நான் ஃபோனிலேயே அளந்துவிட்டேன்” என்றாள். டவுன் த்ரஸ்டை வேண்டுமானால் ஃபோனில் அளக்கலாம், ரைட் த்ரஸ்டை அளக்க முடியாது என்று நான் சொன்னேன். ஏனென்றால் ஃபோனும் ரசமட்டத்தைப்போலப் பூமியின் இழுப்பு ஒன்றை வைத்தே சாய்வைச் சொல்கிறது, இடம் வலமாகத் திரும்புவது அதற்குத் தெரியாது. “அதனால்தான் விமானத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டேன்” என்று அவள் பதில் சொன்னாள்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. அவள் உடலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இப்போது கிடையாகிவிட்ட வால்தகட்டை ஃபோனால் சமம் பார்த்து, விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் தட்டோடு ஓர் எஃகு அளவுகோலை நிமிர்த்தி ஒட்டவைத்து, அதன்மேல் ஃபோனைச் சார்த்தினாள். செங்குத்திலிருந்து இரண்டு டிகிரி. விசிறியை மறுபடி மாட்டச் சொல்லி, நுனியில் மை வைத்து, என் கம்பியால் இருபுறமும் அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர்.

இப்ராகிம்பட்டணத்தில் விழுந்த விமானத்தின் உடலை, அந்தப் பையன் அடுத்த விமானத்துக்கு என்ஜினை எடுத்துக்கொண்டபோது, நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். மவுண்டும் அவன் வைத்த வாஷர்களும் அதில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அன்றிரவு அதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, ஓடாத பழைய என்ஜின் ஒன்றை மவுண்டில் பூட்டி, உடலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தப் பெண் செய்ததுபோலவே வாலைச் சமம் பார்த்து அளவுகோலையும் ஃபோனையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு டிகிரி, இடப்பக்கம்.